பதினோரு வருஷத்து இருமல்

அத்தியாயம் 7

செத்துப்போன ஒருவர் மூன்று பேருக்கு நோயைக் கொடுத்திருக்கிறார் என்று காகிதத்தில் எழுதி, அதன் கீழே முத்திரையும் குத்தியிருந்தார்கள். முத்திரையைப் பார்த்ததும்தான் ரேடியோ சிரிப்பை நிறுத்தினான். வெறும் வாய்ப்பேச்சு என்றால் பேய்க்கதை என்று தள்ளிவிடலாம். முத்திரை குத்தி வந்த பேயை என்ன செய்வது?

விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பதால் வந்த பெயர் ரேடியோ. வைத்தது அவனுடைய முதலாளியம்மா. சுகாதார இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்து எட்டு வருஷமாகியும், எல்லோருக்கும் அவர் இன்னும் இன்ஸ்பெக்டரம்மாதான்.

இருவரும் தனிமை வார்டின் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் தாய். இந்தப் பக்கம், இவர்களை வரவழைத்த அவளுடைய அண்ணன், இடுப்பில் அவளுடைய ஏழு மாதக் குழந்தை. குழந்தை கண்ணாடியைப் பளார் பளார் என்று அறைந்தது. அவள் உள்ளேயிருந்து அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணாடி சில்லென்று இருந்திருக்க வேண்டும். குழந்தை கையை இழுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

"ஒம்பது நாளா இப்படித்தான்," என்றான் அண்ணன். "நாலு மணிக்கு வண்டி வருதாம். ஏறிட்டா ஒம்பது மாசம் வெளியூர்ல தனி ஆஸ்பத்திரி. அதுக்குள்ள இவன் நடக்கப் பழகிடுவான். அம்மான்னு யாரைக் கூப்பிடுவான் சொல்லுங்க?"

ரேடியோ கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று பத்து.

விஷயம் இதுதான். இரண்டரை மாதத்துக்கு முன்னால் அவளுக்கு விடாத இருமல். சளியைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். இருமல் தானாகவே போய்விட்டது. அவளும் மறந்துவிட்டாள். போன வாரம் முடிவு வந்தது: மருந்துக்கு மசியாத காசநோய். இதே முடிவு ஒரு முடிதிருத்துபவருக்கும் ஒரு நீச்சல் பயிற்சியாளருக்கும் வந்திருந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மனிதனுக்குக் கைரேகை போலக் கிருமிக்கும் ஓர் அடையாளம் உண்டாம். மூன்று பேரிடமும் ஒரே அடையாளம். அது பழைய பதிவேட்டில் இருக்கும் ஒரு நோயாளியோடு அச்சாகப் பொருந்தியது. அந்த நோயாளி இதே வார்டில் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது.

இன்ஸ்பெக்டரம்மா கதவில் தொங்கிய அட்டையைப் புரட்டினார். "ரேடியோ, எடையைப் பாரு."

"இருமல் வந்தப்போ அம்பத்தி ஒண்ணு... போன மாசம் அம்பத்தி மூணு... இப்போ அம்பத்தி அஞ்சு." ரேடியோ புருவத்தைத் தூக்கினான். "காசநோய் ஆளை உருக்கிடும்னு கேள்விப்பட்டிருக்கேன் மேடம். இந்தக் கிருமி கூடவே இருந்து சோறு ஊட்டுது போல."

"எக்ஸ்ரேயும் சுத்தம். காய்ச்சல் இல்ல. அப்போ நோய் இந்தப் பொண்ணுகிட்ட இல்ல."

"பின்னே காகிதம்?"

"காகிதம் இந்தப் பொண்ணைப் பத்திப் பேசல. இவங்க சளி இருந்த டியூபைப் பத்திப் பேசுது. டியூப் எங்கெல்லாம் போச்சுன்னு பாப்போம், வா."

* * *

ஆய்வுக்கூடம் அதே வளாகத்தின் பின்கோடியில் இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடிய, ஓயாமல் விசிறி உறுமுகிற மாடிக் கட்டடம். வாசலில் காவலாளி, ரேடியோவைக் கண்டதும் பேச்சுத்துணை கிடைத்த மகிழ்ச்சியில் நாற்காலியை இழுத்துப் போட்டார். ரேடியோவிடம் பூட்டு கூட வாய் திறக்கும்.

"எல்லாம் சொல்றாங்களே, கேள்விப்பட்டீங்களா? செத்தவர் வந்துட்டாருன்னு?"

"நான் கேள்விப்படல. காதாலயே கேட்டிருக்கேன்," என்றார் காவலாளி, குரலைத் தாழ்த்தி. "ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் காலையில பதினோரு மணிக்கு. கிருமி வளர்க்குற சூடு ரூம் இருக்குல்ல, அங்க பேச்சுக் குரல் கேக்கும். உள்ளே போறது நம்ம மூத்த டெக்னீஷியன் அக்கா மட்டும்தான். ஆனா பேச்சு ரெண்டு பேர் பேசுற மாதிரி. கொஞ்சம் பேசும், நிறுத்தும், எதிராளி சொல்றதைக் கேட்டு மறுபடி பேசும்."

"எதிராளி குரல்?"

"அதைக் கேட்டிருந்தா நான் இங்க உக்காந்திருப்பேனா?"

ரேடியோ சிரித்தான். ஆனால் படியேறும்போது கைப்பிடியை விடவில்லை. மாடி நடைபாதையில் ஒரு சத்தமும் இல்லை. எங்கோ ஒரு கதவு மட்டும் காற்றில் மெல்ல இழுத்து இழுத்து மூடிக்கொண்டது.

தலைமை டாக்டர் மூன்று வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தவர். நேர்மையானவர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. தூக்கம் இல்லை என்றும் எழுதியிருந்தது.

"நீங்க கேக்கப்போறதை நானே கேட்டுப் பாத்துட்டேன்," என்றார். "இங்கேயே ஒரு டியூப்ல இருந்து இன்னொண்ணுக்குக் கிருமி தாவியிருக்குமான்னுதானே? டியூப் செருகி வைக்குற ஒரு ராக்குல பன்னண்டு ஓட்டை. பதினொண்ணுல நோயாளிங்க சளி. பன்னண்டாவது, நாங்களே வளர்க்குற உயிர்க்கிருமி. நம்ம வேலை சரியா நடக்குதான்னு பாக்க வைக்குற கன்ட்ரோல். அது எப்பவும் கடைசி. அதுக்கப்புறம் தொட வேற டியூபே கிடையாது. தாவணும்னா கிருமி பின்னாடிதான் நடக்கணும்."

"இந்த மூணு பேரும் எத்தனாவது ஓட்டை?"

டாக்டர் பதிவேட்டைத் திருப்பினார். விரல் ஓரிடத்தில் நின்றது. பக்கம் திருப்பினார். மறுபடி நின்றது. "மூணு வாரம், மூணு ராக். மூணுலயும்... பதினொண்ணு."

"பேய்க்குப் பதினொண்ணு ராசி போல," என்றான் ரேடியோ. "செத்தும் பதினோரு வருஷம், குரல் வர்றதும் பதினோரு மணி." சொல்லிவிட்டு அவனுக்கே முதுகு சிலிர்த்தது.

"அந்த மூணு வாரமும் வேலை செஞ்சது யாரு?"

"எங்க டெக்னீஷியன் அக்காதான் வழக்கமா செய்வாங்க. இருபது வருஷ சர்வீஸ், ஒரு தப்பு கிடையாது. அந்த மூணு வாரம் மட்டும் கண் ஆபரேஷனுக்காக லீவு. வேற லேபிலிருந்து ஒரு பையன் வந்தான். ஆனா ராக்குல எந்த டியூப் எந்த ஓட்டைன்னு அக்கா படமே வரைஞ்சு ஒட்டிட்டுப் போயிருந்தாங்க. அவன் அதை இம்மி பிசகாம செஞ்சிருக்கான்."

"ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. பழைய நோயாளியோட ஃபைலும் வேணும்."

* * *

இரண்டரை மணிக்கு வெளி அறையில் எல்லோரும் கூடினார்கள். மாற்று டெக்னீஷியன் ஊதினால் பறந்துவிடுகிற ஒல்லி. இருபத்தெட்டு வயதிருக்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லாம் முடிந்தது என்கிற முகத்தோடு நின்றான். உள்ளங்கையின் ஓரம் முழுக்க நீல மை.

"கையெழுத்து போட்டீங்களா, கையை முக்கி எடுத்தீங்களா?" என்றான் ரேடியோ.

"எப்பவும் இப்படித்தான் அப்பிக்கும் சார்."

இன்ஸ்பெக்டரம்மா அந்த நீல ஓரத்தையே இரண்டு விநாடி பார்த்தார். பிறகு பார்வையை மாற்றிக்கொண்டார். ரேடியோவுக்கு அந்த இரண்டு விநாடி தெரியும். மீன் தூண்டிலைத் தொட்டுவிட்டது.

அக்கா சுவரோரமாக நின்றார். ஐம்பதை நெருங்கிய, அளவாகப் பேசுகிற பெண்மணி. ஒரு கண்ணில் மட்டும் இன்னும் சிவப்பு. அவர் யாரையும் பார்க்கவில்லை. சூடு அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்ன விளையாட்டு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "பன்னண்டு காலி டியூப். பதினொண்ணுல வெறும் தண்ணி. பன்னண்டாவதுல சிவப்பு மை. தம்பி, இதான் உங்க ராக். அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்ங்க. யோசிக்காம செய்ங்க."

ஒல்லி பெரிய பாட்டிலை எடுத்தான். சளியைக் கழுவுகிற திரவத்துக்குப் பதிலாக அதிலும் தண்ணீர்தான். எல்லா டியூபுக்கும் அந்த ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றுவது வழக்கம். அவன் மேஜைக்கு முன்னால் நின்று, பாட்டிலை இடது கையில் பிடித்து, வலது கோடியிலிருந்து ஆரம்பித்தான்.

தலைமை டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்ஸ்பெக்டரம்மா கையைக் காட்டினார்.

பாட்டில் முதலில் சாய்ந்தது சிவப்பு மை டியூபில். பாட்டிலின் விளிம்பு டியூபின் வாயை லேசாகத் தொட்டது, டிங் என்று. அடுத்தது பதினொன்று. மறுபடி டிங். பிறகு பத்து, ஒன்பது என்று இடப்பக்கமாக நகர்ந்து போனான். கை அவ்வளவு இயல்பாக ஓடியது.

"போதும் தம்பி. பதினொண்ணைத் தூக்கிப் பிடிங்க."

ஒல்லி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். தெளிந்த தண்ணீருக்குள் ரோஜா நிறத்தில் ஓர் இழை புகைபோல இறங்கிக்கொண்டிருந்தது. பத்தாவது டியூபில் ஒன்றும் இல்லை.

"கிருமி பின்னாடி நடக்கல டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இவரு இடதுகைக்காரரு. எழுதுற கையே எழுத்து மேல தேய்ச்சுக்கிட்டுப் போகுது, அதான் அந்த மை. இடது கையில பாட்டிலைப் பிடிச்சா வலது கோடிதான் ஆரம்பம். அக்கா வரைஞ்ச படத்துல எந்த ஓட்டைல என்னன்னு இருக்கு. எந்தப் பக்கத்துல இருந்து ஊத்தணும்னு இல்ல. வலதுகைக்காரங்களுக்கு அதை எழுதணும்னே தோணாது. நம்ம கடைசி, இவருக்கு முதல்."

"அப்போ அந்த மூணு பேரும் சந்திச்ச இடம்..." என்றார் டாக்டர்.

"இந்த ராக்," என்றான் ரேடியோ. "முடிவெட்டப் போனாங்களா, நீச்சலுக்குப் போனாங்களான்னு ஊரெல்லாம் தேடினாங்களே. மூணு பேர் சளியும் வெவ்வேற வாரம் அந்தப் பதினோராவது ஓட்டையில உக்காந்துட்டுப் போயிருக்கு. அவ்ளோதான்."

ஒல்லி அப்படியே நாற்காலியில் சரிந்தான். "என்னாலயா? அந்தக் குழந்தை... என்னாலயா சார்?" அவன் அழுவதைப் பார்த்து ரேடியோவுக்குச் சங்கடமாகிவிட்டது. கேலிக்கு ஆளாக்கிய கையையே எட்டிப் பிடித்துக்கொண்டான்.

டாக்டரின் முகத்தில் வந்த வெளிச்சம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "இருங்க. இடிக்குதே. எங்க கன்ட்ரோல் சாது. மத்திய லேப் வருஷத்துக்கு ஒரு குப்பி அனுப்புறாங்க. எல்லா மருந்துக்கும் அடங்குற கிருமி. இந்த மூணு பேர்கிட்ட வந்தது எதுக்கும் அடங்காத கிருமி. ரெண்டும் ஒண்ணு இல்ல. இந்தச் சிவப்பு மையை நம்பி வார்டைத் திறக்க என்னால முடியாது. நிஜமாவே நோய் இருந்தா? அந்தக் குழந்தைக்கு ஒட்டிக்கிட்டா?"

ரேடியோ கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஐந்து. ஜெயித்தாயிற்று என்று நினைத்த இடத்தில் தரையே இல்லை. கண்ணாடியில் அறைந்த அந்தச் சின்னக் கை ஞாபகம் வந்தது.

"அந்தக் குப்பிங்க எங்க இருக்கு டாக்டர்?"

குளிர்பெட்டியின் அடித்தட்டில், பின்னால், ஒரு அட்டைப் பெட்டி. டாக்டர் கையுறை போட்டுத் திறந்தார். திறந்தவர் எண்ண ஆரம்பித்தார். பதினோரு குப்பிகள். ஒவ்வொன்றிலும் வருஷம் எழுதியிருந்தது. ஒன்றின் கழுத்தைக்கூட உடைத்துத் திறந்திருக்கவில்லை.

"இதையெல்லாம் தொடவே இல்லைன்னா," என்றான் ரேடியோ மெதுவாக, "இத்தனை வருஷமா பன்னண்டாவது ஓட்டைல உக்காந்திருந்தது யாரு?"

இன்ஸ்பெக்டரம்மா பழைய ஃபைலைத் திறந்து மேஜையில் வைத்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இறந்த நோயாளியின் படிவம். கீழே, நெருங்கிய உறவு என்ற இடத்தில் ஒரு தொலைபேசி எண். அதில் மூன்று ஏழுகள். மூன்றின் இடுப்பிலும் குறுக்காக ஒரு கோடு. பக்கத்தில் அக்கா வரைந்த படம். அதில் ஏழாவது ஓட்டை. அந்த ஏழின் இடுப்பிலும் அதே கோடு.

"அக்கா," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. குரலில் அதட்டல் இல்லை. "உறவு என்னன்னு எழுதியிருக்கீங்க. நான் படிக்கணுமா, நீங்களே சொல்றீங்களா?"

"என் வீட்டுக்காரர்," என்றார் அக்கா.

டாக்டர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். அக்கா உட்காரவில்லை.

"அவர் சளி டியூபை நான்தான் வளர்த்தேன். என்னைத் தவிர வேற ஆள் இல்ல அப்போ. அவரை எரிச்சுட்டு வந்து, மறுநாள் வேலைக்கு வந்தா, சூடு ரூம்ல அவர் டியூப்ல முளைச்சிருக்கு. மஞ்சளா, ரொட்டித்தூள் உதிர்ந்த மாதிரி. அவரைக் கொன்னது அதுதான், எனக்குத் தெரியாதா? ஆனா அவர் உடம்புக்குள்ள இருந்து வந்ததுல உயிரோட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். தூக்கிப்போட கை வரல. மாசத்துக்கு ஒரு தடவை புது டியூப்ல மாத்திவிடலைன்னா செத்துடும். ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் மாத்தினேன். சும்மா வச்சிருந்தா யாராவது கேப்பாங்கன்னு கன்ட்ரோல்னு பேரு வச்சேன்."

காவலாளி கேட்டது, அக்கா அந்த டியூபோடு பேசிய குரல். கொஞ்சம் பேசும், நிறுத்தும், மறுபடி பேசும். ரேடியோவுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பேயாகவே இருந்திருக்கலாமே என்று நினைத்தான். பயந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இன்ஸ்பெக்டரம்மா மட்டும் இளகவில்லை. "முடிவு வந்து ஒம்பது நாள் ஆச்சு. அடையாளத்தைப் பாத்ததுமே அது யாருன்னு உங்களுக்குத் தெரியும். ஒம்பது நாளா ஒரு குழந்தை பாலுக்கு அழுதுகிட்டிருக்கு அக்கா."

"தெரியும்." அக்கா முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தார். "எப்படிப் போச்சுன்னுதான் தெரியல. கடைசியில வைக்குறது எப்படித் தாவும்? எனக்கே நோய் வந்து நான்தான் பரப்பிட்டேனோன்னு என் சளியைக்கூடப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. அப்புறம்... அவரேதான் எழுந்து போறாரோன்னு தோணிச்சு. சிரிக்காதீங்க. தனியா இருந்தா எல்லாம் தோணும். சொல்லணும்னு தினமும் வாசல் வரைக்கும் வந்தேன். சொன்னா டியூபை அழிச்சிடுவாங்க. மறுபடியும் அவரை அனுப்பணும். நான் பண்ணது பாவம்தான்."

டாக்டர் தொலைபேசியை எடுத்தார். எண்ணைச் சுழற்றப் போனவரின் கையை அக்கா தடுத்தார்.

"நான் பேசுறேன் சார். நான்தான் பேசணும்."

வார்டுக்கு அவரே சொன்னார். மூன்று பேருடைய முடிவும் தவறு, ஆய்வுக்கூடத்தில் நடந்த கலப்பு, பொறுப்பு என்னுடையது என்று ஒரு சொல்கூட விழுங்காமல் சொன்னார். எழுத்தில் கேட்டார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் முத்திரை குத்தினார். காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ரேடியோ ஓடினான். வளாகத்தைக் குறுக்காகக் கடந்தபோது வண்டி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"மூடுங்க சார், சவாரி கேன்சல்," என்று கத்திக்கொண்டே அவன் படியேறினான்.

கண்ணாடி அறையின் கதவு திறந்ததும் அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் கையிலிருந்து குழந்தையை வாங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். குழந்தை ஒரு கணம் அந்த முகத்தை அடையாளம் தெரியாததுபோலப் பார்த்தது. பிறகு அவளுடைய கழுத்தில் முகத்தைப் புதைத்தது. அண்ணன் அழுததைத்தான் ரேடியோவால் பார்க்க முடியவில்லை.

* * *

அவன் திரும்பி வந்தபோது, கிருமிகளை ஆவியில் வேகவைத்து அழிக்கிற பெரிய எஃகுத் தொட்டியின் மூடியை அக்கா திறந்து வைத்திருந்தார். நான் செய்யட்டுமா என்று டாக்டர் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாராம். கம்பிக்கூடையில் ஏழெட்டு டியூப்கள். ஒவ்வொன்றாக எடுத்து, பெயர்ச்சீட்டைப் பார்த்து, உள்ளே அடுக்கினார். கடைசி டியூபை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"இன்னும் சூடா இருக்கு," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அதையும் வைத்தார். மூடியை இறக்கித் திருகினார். உள்ளே நீர் கொதிக்கத் தொடங்கியது. அழுத்தமானியின் முள் மெல்ல மேலே ஏறியது. திடீரென்று ஆவி வெளியேறும் குழாய் இருமியது. ஒருமுறை, இன்னொருமுறை, பிறகு நீண்ட ஒரு சீறல். ரேடியோவின் கைரோமங்கள் குத்திட்டு நின்றன. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டரம்மா அவர் பக்கத்தில் போய் நின்று தோளில் கை வைத்தார்.

இருபது நிமிஷத்துக்குப் பிறகு முள் இறங்கியது. எல்லாம் முடிந்தது. யாரும் கிளம்பவில்லை.

"விசாரணை வரும், வேலை போகும். அதெல்லாம் பரவாயில்ல," என்றார் அக்கா. "நாளைக்கு ஒண்ணாம் தேதி. அதுதான் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

ரேடியோ வாயைத் திறந்தான். வழக்கமாக அங்கே ஒரு கேலி தயாராக இருக்கும். இன்று ஒன்றும் இல்லை. "நான் வேணா வீட்டுக்கு வரட்டுமாக்கா?" என்றான். "எனக்குத் துப்பறியவெல்லாம் தெரியாது. பேசத் தெரியும். நீங்க நிறுத்துற இடத்துல நான் பேசுறேன்."

அக்கா காலிக் கம்பிக்கூடையை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தார்.

"பதினோரு மணிக்கு வாங்க," என்றார். "அவர் பதில் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்ல."